சுகோய்க்கு எந்த ஏவுகணை? ஆர்-77, மீட்டியோர், டெர்பி, அஸ்திரா: ஒரு ஒப்பீடு

ஒரு போர் விமானம் இன்னொரு விமானத்தின்மேல் ஏவும் நடுத்தூர வான்-வான் ஏவுகணை என்று பேச்சு வந்தாலே நம் ஆட்கள் ரஃபேலையும் மீட்டியோரையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். பார்க்க அழகான ஜோடிதான். ஆனால் இந்திய விமானப்படை வாங்கிய ரஃபேல் 36. சுகோய்-30 எம்கேஐ வாங்க ஒப்பந்தம் போட்டது 272. எல்லையில் சண்டை என்று வந்தால் வானத்தை நிரப்பப்போவது சுகோய்தான். அதனால் கேள்வியையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்: சுகோயின் இறக்கைக்குக் கீழே எதைத் தொங்கவிடுவது?

இந்தக் கேள்வி உறைக்கும்படி எழுந்த நாள் 2019 பிப்ரவரி 27. பாலாகோட் விமானத் தாக்குதலுக்கு மறுநாள் காலை பாகிஸ்தான் விமானங்கள் ரஜௌரி, நௌஷேரா பக்கம் வந்தபோது, அவர்களுடைய எஃப்-16 அமெரிக்க ஆம்ராம் ஏவுகணையை ஏவியது. அதன் உடைந்த துண்டை அடுத்த நாள் டெல்லியில் முப்படை அதிகாரிகள் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். அது ஏஐஎம்-120 சி-5 வகை. 2006-இல் பாகிஸ்தான் 500 வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அன்று வானில் இருந்த சுகோய்கள் அந்தத் தாக்குதலிலிருந்து விலகித் தப்பின. பதிலுக்கு அவற்றால் ஏவ முடியாமல் போனதற்குச் சொல்லப்பட்ட காரணம், கையில் இருந்த ரஷ்ய ஆர்-77-இன் எட்டும் தூரம் ஆம்ராமைவிடக் குறைவு.

ஆபரேஷன் சிந்தூர் தொடங்கிய 2025 மே 7-க்குப் பிறகு கேள்வி இன்னும் கனமாகிவிட்டது. இந்த முறை எதிரில் இருந்தது பாகிஸ்தான் கையில் இருந்த சீன ஏவுகணை, பிஎல்-15இ. பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்து வயலில் அதன் பாகங்கள் கிடைத்தன. மே 12 அன்று விமானப்படை அவற்றின் படங்களை வெளியிட்டது. மாதக் கடைசியில் சிங்கப்பூரில் முப்படைத் தலைமைத் தளபதி அனில் சவுகான், எண்ணிக்கை சொல்லாமல், இந்தியா விமானங்களை இழந்ததை ஒப்புக்கொண்டார். பிஎல்-15இ-க்குச் சீனா விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரம் 145 கி.மீ. தங்கள் படைக்கு என்று வைத்திருக்கும் வகை அதைவிட அதிகம் போகும்.

அப்படியானால் 145-ஐவிடப் பெரிய எண் எந்த ஏவுகணையில் எழுதியிருக்கிறதோ அதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அந்த எண்ணை அவ்வளவு எளிதில் நம்பக் கூடாது.

எண்ணுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண வான்-வான் ஏவுகணை தீபாவளி ராக்கெட் மாதிரிதான். மருந்து சில விநாடிகளில் எரிந்து முடிந்துவிடும். பிறகு போவதெல்லாம் அதற்குள் ஏறிய வேகத்தின் மிச்சத்தில். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்று அந்த வேகத்தைத் தின்றுகொண்டே வரும். 10 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் மேலே ஏவினால் தூரம் போகும், கீழே ஏவினால் மூச்சு வாங்கும்.

இதற்கு அஸ்திராவே நல்ல உதாரணம். அதைப்பற்றி ஆரம்ப காலத்தில் வெளியான கணக்கு இது: 15 கி.மீ. உயரத்திலிருந்து ஏவினால் 110 கி.மீ., 8 கி.மீ. உயரத்திலிருந்து 44, கடல்மட்டத்தில் 21. ஏவுகணை ஒன்றுதான். பத்திரிகைகளில் மட்டும் எப்போதும் 110 வரும். எல்லா நாட்டுத் தயாரிப்பாளர்களும் இதையேதான் செய்கிறார்கள், நம்மவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு மறைவான சங்கதியும் உண்டு. இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் வருவதாக வைத்துக்கொள்வோம். 10 கி.மீ. உயரத்தில், ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே, ஒவ்வொன்றும் விநாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் பறக்கிறது. ஒரு நிமிடத்தில் இருவருக்கும் இடையே இருந்த தூரத்தில் 32 கி.மீ. தானாகவே குறைந்துவிடும். விளம்பரத் தூரத்தில் இதுவும் சேர்த்தி. எதிரி முட்டாள்தனமாக நேரே வந்துகொண்டே இருப்பான் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அவன் எச்சரிக்கை மணி கேட்டதும் விமானத்தைத் திருப்பிக்கொண்டு கீழே பாய்ந்தால், நூறு கிலோமீட்டர் ஏவுகணை முப்பது நாற்பதில் தவித்து நிற்கும்.

ஆக விமானிக்கு வேண்டிய தூரம் வேறு. 'இந்தத் தூரத்துக்குள் ஏவிவிட்டால் எதிரி எப்படித் திரும்பினாலும் தப்ப முடியாது' என்ற வட்டம் எவ்வளவு பெரியது என்பதுதான் அவர் கேட்பது. தப்ப வழியில்லாத வட்டம் என்று சொல்லலாம். அதை எந்த நிறுவனமும் முழுதாக வெளியே சொல்வதில்லை. ஏவுகணையின் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்து நாமே ஓரளவு ஊகிக்க வேண்டும்.

ஒரு ஏவுதல், பொத்தானிலிருந்து முடிவு வரை

சுகோயின் ரேடார் எதிரியைப் பிடித்துவிட்டது. விமானி ஏவுகிறார். ஏவுகணையின் மூக்கில் இருக்கும் சின்ன ரேடாருக்கு இந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. 178 மில்லிமீட்டர் குழாய்க்குள் அடங்கும் ஆன்டெனாவால் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்க முடியாது. கடைசி பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான் அதன் ஆட்சி. அதுவரை அது குருட்டுத்தனமாக, ஏவும்போது சொன்ன இடத்தை நோக்கிப் போகும். எதிரி இடம் மாறினால் அந்தச் செய்தியை சுகோய்தான் ரேடியோ இணைப்பு வழியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்காக விமானி நேரே பறந்துகொண்டே இருந்தால் எதிரியின் ஏவுகணைக்குள் போய் விழுவார். அதனால் ஏவியவுடன் ஒரு பக்கமாக ஐம்பது, அறுபது டிகிரி திரும்பிக்கொள்வார். எதிரி ரேடார் பார்வையின் ஓரத்திலேயே இருக்க வேண்டும், அதே சமயம் அவனை நெருங்கும் வேகமும் குறைய வேண்டும். ஏவுகணையின் மூக்கு ரேடார் விழித்துக்கொண்டதும் சுகோய் முழுதாகத் திரும்பி ஓடலாம். நேட்டோ விமானிகள் இந்தக் கட்டத்தை ரேடியோவில் 'பிட்புல்' என்று அறிவிப்பார்கள்; சங்கிலியை அவிழ்த்தாயிற்று, இனி அது பார்த்துக்கொள்ளும் என்ற பொருளில்.

யாருடைய ஏவுகணை முதலில் விழிக்கிறதோ, அவர் முதலில் திரும்பி ஓடலாம். சண்டையே பாதி இங்கே தீர்ந்துவிடுகிறது. கவனித்தால், இந்தக் கதையில் ஏவுகணை தனி ஆளாக எதையும் செய்யவில்லை. விமானத்தின் ரேடாரும் கணினியும் அதோடு இடைவிடாமல் பேசுகின்றன. அந்தப் பேச்சு மொழி யார் கையில் இருக்கிறது என்பது, என்னைப் பொறுத்தவரை, கிலோமீட்டரைவிட முக்கியம்.

இப்போது சரக்குகளைப் பார்ப்போம்.

ஆர்-77

சுகோயோடு சீதனமாக வந்தது என்றே சொல்லலாம். எடை 175 கிலோ, ஏற்றுமதி வகையின் விளம்பரத் தூரம் 80 கி.மீ. வால்பகுதியில் சல்லடை போன்ற சிறகுகள் இருக்கும். அந்தச் சிறகுகளைத் திருப்பக் குறைந்த விசை போதும், மடக்கி வைக்கவும் வசதி. ஆனால் ஒலிவேகத்தை ஒட்டிய வேகத்தில் அவை காற்றை நிறையப் பிடித்து இழுக்கும். தூரத்தின் கடைசிக் கட்டத்தில் வேகம் குறைந்து அந்த எல்லைக்கு வரும்போது அடி விழுகிறது.

மேம்படுத்திய ஆர்-77-1-இன் ஏற்றுமதி வகைக்கு ரஷ்யா 110 கி.மீ. சொல்கிறது. ரேடார் அவர்களுடையது, விமானம் அவர்களுடையது, ஏவுகணையும் அவர்களுடையது. சேர்ப்பதில் தகராறு வராது. அவசரத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. 2019 ஜூலையில் இன்னும் பழைய ஆர்-27-ஐக்கூட சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு வாங்கியது இந்த அவசரத்தில்தான். ஆனால் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு ரஷ்யத் தொழிற்சாலைகள் முதலில் தங்கள் படைக்குத்தான் கொடுக்கும். 110 கி.மீ. என்ற அதே எண்ணுக்கு உள்நாட்டிலேயே ஒன்று இருக்கும்போது இங்கே புதுப் பணம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இருப்பில் உள்ளதை ஆயுள் முடியும்வரை பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

மீட்டியோர்

பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து எம்பிடிஏ நிறுவனம் வழியாக உருவாக்கியது. 2016-இல் ஸ்வீடனின் கிரிப்பனில் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது. எடை 190 கிலோ.

இதன் தனிச்சிறப்பு இயந்திரத்தில் இருக்கிறது. சாதாரண ராக்கெட் தனக்கு வேண்டிய ஆக்சிஜனையும் மருந்திலேயே சுமந்து போகும். மீட்டியோர், முதல் உந்தலுக்குப் பிறகு, வயிற்றோரம் உள்ள இரண்டு வாய்கள் வழியாக வெளிக்காற்றை இழுத்துக்கொள்கிறது. உள்ளே எரியும் திட எரிபொருளின் வாயு வரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வால்வு இருக்கிறது. தொலைவில் இருக்கும்போது மெதுவாக எரித்துச் சிக்கனம் பிடிக்கும். இலக்கை நெருங்கும்போது முழு வீச்சில் எரிக்கும். மற்ற ஏவுகணைகள் மூச்சிரைக்க வந்துசேரும் இடத்துக்கு இது இன்னும் தெம்போடு வருகிறது. தப்ப வழியில்லாத வட்டம் இதற்குப் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இந்த வால்வுதான். நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லும் தூரம் '100 கி.மீ.-க்கு மேல்' என்பதோடு நிற்கிறது. விளம்பர எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் இதைத் தாண்டிப் போய்விடுவார்.

குறை இல்லாமல் இல்லை. காற்றிழுக்கும் வாய்கள் இருப்பதால் நினைத்த பக்கம் சட்டென்று திரும்ப முடியாது, உடலைச் சரியான கோணத்துக்குச் சாய்த்துத்தான் திரும்ப வேண்டும். கனம் அதிகம், விலை அதைவிட அதிகம்.

சுகோய்க்கு இது ஏன் வரவில்லை? ஏவுகணையைத் தூக்கும் பலம் சுகோய்க்குத் தாராளமாக உண்டு. தடை, முன்பு சொன்ன அந்தப் பேச்சு மொழி. மீட்டியோரின் ரேடியோ இணைப்பும் ஏவும் கணக்கும் சுகோயில் இருக்கும் ரஷ்ய பார்ஸ் ரேடாரோடு பேச வேண்டுமென்றால் எம்பிடிஏ தன் ரகசியங்களை அங்கே திறந்து வைக்க வேண்டும். ஆறு நாடுகள் தலையாட்ட வேண்டும். ரஷ்யர்களும் தங்கள் பக்கத்தைத் திறக்க வேண்டும். இன்றைய உலக நிலவரத்தில் இப்படி ஒரு கல்யாணம் நடக்காது. எனவே மீட்டியோர் இந்தியாவில் ரஃபேலோடுதான் வாழும். 2025 ஏப்ரலில் கடற்படைக்கு ஒப்பந்தமான 26 ரஃபேலைச் சேர்த்தாலும் அது சிறுபான்மைதான்.

எம்பிடிஏ-வின் இன்னொரு சரக்கான மைக்கா, மிராஜ்-2000-க்காக 2012-இல் வாங்கப்பட்டது, ரஃபேலிலும் இருக்கிறது. 112 கிலோவில் ரேடார் மூக்கு, வெப்பம் பார்க்கும் மூக்கு என இரண்டு வகை. வெப்பம் பார்ப்பது எந்தக் கதிரையும் வீசாமல் வரும் என்பதால் எதிரியின் எச்சரிக்கைக் கருவிக்குத் தெரியாது. அருமையான யோசனை, ஆனால் தூரம் போதாது. சுகோய்க்கு இதை யாரும் பேசவும் இல்லை.

டெர்பி

இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனத் தயாரிப்பு (விமானத்தின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பிரெஞ்சு தஸ்ஸோவுடையது). நம் கடற்படையின் பழைய சீ ஹாரியர்களில் இது இருந்தது. 2017 மே 12 அன்று தேஜஸ் முதன்முதலாகக் கண்ணுக்கெட்டாத தூரத்து ஏவுகணையை ஏவியபோது, ஏவியது இதைத்தான். 118 கிலோ எடை தேஜஸ் போன்ற சிறிய விமானத்துக்குச் சுமையே அல்ல. மூல வகை 50 கி.மீ.; ஐ-டெர்பி ஈஆர் 100 கி.மீ. போகும் என்கிறார்கள். எரிந்து முடிந்த பிறகு சற்று இடைவெளி விட்டு இரண்டாம் முறை பற்றும் இயந்திரம் இதில் இருக்கிறது. மீட்டியோரின் வால்வு செய்வதில் ஒரு பங்கை இந்த இரண்டாம் உந்தல் செய்கிறது: கடைசிக் கட்டத்தில் இழந்த வேகத்தைத் திரும்ப ஏற்றிவிடும்.

இஸ்ரேல்காரர்கள் பேச்சு மொழியைப் பகிர்வதில் ஐரோப்பியர்களைவிடத் தாராளம். தேஜஸின் ரேடாரும் அவர்களுடையது என்பதால் அங்கே பொருத்தம் இயல்பாக அமைந்தது. சூலூரில் 2020 மே மாதம் தேஜஸோடு மறுபிறவி எடுத்த 18-வது ஸ்குவாட்ரன் போன்றவற்றுக்கு இது நல்ல இடைக்காலத் துணை. கனமான சுகோயில் ஏற்ற இவ்வளவு சிறிய ஏவுகணை எதற்கு என்பதுதான் கேள்வி. சுகோயில் பன்னிரண்டு தொங்கல் இடங்கள் இருக்கின்றன, எடை பார்க்க வேண்டிய விமானம் அது இல்லை.

அஸ்திரா

நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் ஹைதராபாத் ஆய்வகத்தில் உருவானது. முதல் சோதனை 2003 மே மாதம் ஒடிசாவின் சாந்திப்பூரில். விமானப்படை கைக்கு ஒழுங்காகப் போய்ச்சேர இருபது ஆண்டு பிடித்தது. நடுவில் வடிவத்தையே மாற்றி எழுத வேண்டிவந்தது. தாமதத்தைப் பற்றி வேண்டிய அளவு திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன்.

2019 செப்டம்பரில் ஒடிசா கடலோரம் சுகோயிலிருந்து நடந்த ஏவுதல்களில் பறக்கும் இலக்கை நேரடியாக அடித்தது. 2022 மே 31 அன்று பாரத் டைனமிக்ஸ் நிறுவனத்தோடு 2,971 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. சுகோயில் முழுதாகப் பொருத்தியாகிவிட்டது, அடுத்து தேஜஸிலும் கடற்படையின் மிக்-29கே-யிலும் என்று அப்போதே அறிவித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23-இல் கோவா கடலோரம் தேஜஸ் அதை ஏவியது. எடை 154 கிலோ, தூரம் 110 கி.மீ. புகை விடாத மருந்து. ஏவிய இடத்தை வால்புகை காட்டிக்கொடுக்காது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது ஆம்ராம் சி-5, ஆர்-77-1 வரிசையில் நிற்கும் ஏவுகணை. ஒரே உந்தல், அதன்பின் மிதவை. பிஎல்-15-க்கு எதிரே இது சமமில்லை. அதை மறைத்துப் பேசுவது தேசபக்தி ஆகாது, ஏனென்றால் மேலே போகப்போவது விமானிதான்.

ஆனாலும் சுகோய்க்கு என் தேர்வு இதுதான். காரணம் தூரத்தில் இல்லை. அஸ்திராவின் மூக்கு ரேடார் ஆரம்பத்தில் ரஷ்யாவின் அகாத் நிறுவனத்துடையது. அது மட்டும் வெளியே இருந்தால் 'உள்நாட்டு ஏவுகணை' என்பதில் பாதி வெறும் பேச்சு. 2025 ஜூலை 11 அன்று, உள்நாட்டில் செய்த மூக்கு ரேடாரோடு சுகோயிலிருந்து இரண்டு அஸ்திராக்களை ஏவி, வெவ்வேறு தூரங்களில் பறந்த ஆளில்லா இலக்குகளை அடித்துக் காட்டினார்கள். இந்தச் சோதனைக்குக் கிடைத்த விளம்பரம் குறைவு; என் கணக்கில் இந்த ஏவுகணையின் வரலாற்றிலேயே முக்கியமான நாள் அது. எதிரி ரேடாரைக் குழப்பும் புதிய ஜாமரைக் கொண்டுவந்தால் மூக்கு ரேடாரின் மென்பொருளை மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சரக்கில் அதற்குக் கடிதம் எழுதி, பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் ஹைதராபாத்துக்கு ஒரு ஃபோன் போதும். சுகோயின் பார்ஸ் ரேடாருக்குப் பதில் விரூபாக்ஷா என்ற உள்நாட்டு ரேடார் வைக்கும் திட்டமும் இருக்கிறது. அது வரும்போது, இரண்டு பக்கப் பேச்சு மொழியும் நம்முடையதாக இருக்கும் ஒரே ஜோடி இதுதான்.

எண்ணிக்கையும் ஒரு வாதம். நூற்றுக்கணக்கான சுகோய்க்கு ஆளுக்கு நான்கு என்று வைத்தாலும் ஒரு முறை பறக்கவே ஆயிரம் அளவுக்கு வேண்டும். பயிற்சிக்குச் சுட வேண்டும், போரில் தீர்ந்தால் நிரப்ப வேண்டும். மீட்டியோர் விலையில் எந்த நிதியமைச்சரும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

எங்கே அவசரப்பட வேண்டும்

இதுவரை பேசிய அஸ்திராவை, அதாவது மார்க்-1-ஐ, மொத்தச் சரக்காக வாங்கி நிரப்புவது முதல் வேலை. ஆனால் பிஎல்-15-க்குப் பதில் அதில் இல்லை, மார்க்-2-இல் இருக்கிறது. இரண்டு முறை பற்றும் இயந்திரம் அதற்கு உண்டு. இலக்குத் தூரமாகப் பேசப்பட்டது 160 கி.மீ. அதற்கும் அப்பால், மீட்டியோர் பாணியில் காற்றை இழுத்து எரிக்கும் இயந்திரத்தை டிஆர்டிஓ 2018-இலிருந்து தரையிலிருந்து ஏவிச் சோதித்துவருகிறது. 2022 ஏப்ரல் 8-இலும் சாந்திப்பூரில் ஒரு சோதனை வெற்றி. மார்க்-3 என்று சொல்லப்படும் காண்டீவம் அந்த இயந்திரத்தோடுதான் வரவேண்டும்.

பணமும் ஆளும் இரண்டில் ஒன்றுக்குத்தான் என்று ஒரு நிலை வந்தால், மார்க்-2-க்கு முதலிடம் கொடுக்கச் சொல்வேன். அதன் வெளி அளவும் பொருத்தும் முறையும் ஏற்கெனவே சுகோயில் பழகிய மார்க்-1-ஐ ஒட்டியது. புது இயந்திரத்துக்குச் சோதனைத் தளத்திலிருந்து இறக்கைக்கு வர இன்னும் பல படிகள் உண்டு, மார்க்-1-க்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை மேலே பார்த்தோம்.

மார்க்-2 கைக்கு வரும்வரை பிஎல்-15-க்கு முகம்கொடுக்கும் வேலையை ரஃபேலும் மீட்டியோரும் செய்யட்டும். சுகோய்கள் அவற்றுக்குப் பின்னால், நேத்ரா போன்ற கண்காணிப்பு விமானம் காட்டும் இலக்குகள்மேல், தாங்கள் ஏவ ஏற்ற தூரம் வரும்வரை பொறுத்து நிற்க வேண்டியிருக்கும். தேஜஸ் மார்க்-1ஏ-யில் டெர்பியை அவசரமாகத் தூக்கிவிட வேண்டாம். 2021-இல் 83, 2025-இல் 97 என்று ஆர்டர் போட்டிருக்கும் விமானத்துக்கு அஸ்திரா ஒன்றையே நம்பியிருப்பது ஆபத்து, அதுவும் அதன் உள்நாட்டு மூக்கு ரேடார் இன்னும் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டு நிரூபணம் ஆகாத நிலையில்.